மச்சினன் தூக்கத்தில் சொன்ன விலை

என் மச்சினனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கோபம் கிடையாது. தூக்கம் மட்டும் உண்டு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தூங்கிவிடுவான். நின்றால் நின்றபடி, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. ஒருமுறை தும்முவதற்காக வாயைத் திறந்தவன் அப்படியே தூங்கிப்போய், சாயங்காலம் எழுந்துதான் அந்தத் தும்மலை முடித்தான். நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்களுடையது முட்டைக் கடை. முட்டையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கடை என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே யாரோ மறந்துபோய் விட்டுவிட்ட சந்துக்கு ஒரு கூரையும் ஒரு ஷட்டரும் போட்டிருந்தோம். வாசலில் கல்லாப்பெட்டி, அதன் பின்னால் நான். எனக்குப் பின்னால் குழி வைத்த அட்டைகளில் முட்டைகள், கூரை வரைக்கும். உள்ளே போகப் போக இருட்டு. அந்த இருட்டின் நடுவில் ஒரு மஞ்சள் பல்பு. பல்பு வெளிச்சம் முட்டைகள் மேல் பட்டுக் கசிந்து வரும்; அங்கே கொஞ்ச நேரம் நின்றால் நாமும் ஓர் ஓட்டுக்குள் இருப்பது மாதிரித் தோன்றும். அந்தப் பல்புக்குக் கீழே, மடித்துப் போட்ட சாக்கின் மேல், என் மச்சினன்.

அவனுக்கு வேலை, வந்த முட்டையைத் தட்டிப் பார்ப்பது. ஒரே கையில் இரண்டு முட்டைகளை எடுத்து, விரலால் உருட்டி, ஒன்றோடொன்று லேசாக மோத விடவேண்டும். நல்ல முட்டை 'டிக்' என்று மணியான சத்தம் கொடுக்கும். விரிசல் விட்டது 'டொப்' என்று உடைந்த பானை மாதிரி முனகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடக் காதுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட முட்டைகள் மறுநாள் வரை தாங்காது. தனியாக எடுத்துவைத்து அன்றைக்கே கேக் கடைக்குச் சல்லிசாகக் கொடுத்துவிடுவோம்.

மச்சினன் கண்ணை மூடினாலும் கை ஓயாது. தூங்கிக்கொண்டே தட்டுவான். விழித்திருக்கும்போது எப்போதாவது ஒன்று தப்பும். தூக்கத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

"பாத்தீங்களா என் தம்பிய? தூங்கும்போதுகூட உழைக்கிறான். சில பேரு முழிச்சிருக்கும்போதே..." என்று என் வீட்டுக்காரி ஆரம்பிப்பாள். நான் பல்பைத் துடைக்கப் போய்விடுவேன். எங்கள் கடை பல்பு மாதிரி சுத்தமான பல்பு அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

விலை எங்கள் கையில் இல்லை. தினமும் காலையில் மொத்த வியாபாரி போன் செய்வார். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். எண்ணைச் சொல்லி வைத்துவிடுவார். அதைச் சாக்பீஸால் வாசல் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. வாங்க வருகிறவர்கள் முதலில் பலகையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னை முறைப்பார்கள். நானே உட்கார்ந்து முட்டையிட்டு, நானே விலையும் வைத்த மாதிரி.

அன்றைக்கு முட்டை விலை ஆறு ரூபாய். மதியம். தெருவில் வெயில் காலை நீட்டிப் படுத்திருந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் தன் வழக்கமான இரண்டு முட்டைகளுக்காக வந்து நின்றார். உள்ளே டிக், டிக் என்று சத்தம். திடீரென்று அது நின்றது.

"ஆறேகால்" என்றான் மச்சினன். கண் மூடியே இருந்தது. மறுபடியும் டிக், டிக்.

"என்னது ஆறேகால்?" என்றார் தையல்காரர்.

"தூக்கத்துல உளர்றான், விடுங்க."

"உளர்ற மாதிரி இல்லையேங்க. அறிக்கை விடுற மாதிரி இருக்கு."

மறுநாள் காலையில் போன் வந்தது. ஆறேகால். நான் பலகையில் எழுதுவதை எதிர்க்கடையிலிருந்து பார்த்த தையல்காரர், வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். பேசியே ஆகவேண்டிய விஷயம் இருந்தால்தான் அவர் அப்படிச் செய்வார்.

அன்று மதியம் மச்சினன் ஆறரை என்றான். அதுவும் வந்தது. ஆறேமுக்கால் என்றான். அதுவும் வந்தது. தையல்காரர் காதில் விழுந்த விஷயம், ஊருக்கே ஆளுக்கொரு அளவில் தைத்துக் கொடுக்கப்படும். ஒரு வாரத்தில் கடை வாசலில் கூட்டம்.

சாப்பாட்டு வேளை முடிந்ததும் வருவார்கள். முதலில் செருப்போடு வந்தார்கள். சத்தம் கேட்கிறதென்று பிறகு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சைக்கிள்காரர்கள் தெருமுனையிலேயே இறங்கித் தள்ளினார்கள். மாடியில் இருக்கும் பல் டாக்டர் மதியத்தில் பல் பிடுங்குவதை நிறுத்திவிட்டார். யாராவது அலறினால் விலை கலைந்துபோகுமாம். காக்கைகள்கூட இறக்கைச் சத்தம் வருமென்று அந்தத் தெருவை நடந்தே கடந்தன. அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகத்தான் செய்தன.

பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இத்தனை முகங்களும் வரிசை வரிசையாக, அட்டையில் அடுக்கின மாதிரி நிற்கும். டிக் சத்தத்துக்கு ஒரு மூச்சு இழுப்பார்கள், அடுத்த டிக்குக்கு விடுவார்கள். சத்தம் நின்றதும் மூச்சும் நிற்கும்.

"ஏழு."

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி. இரண்டு வாங்குகிறவர் ஓர் அட்டை கேட்பார், ஓர் அட்டை வாங்குகிறவர் நாலு அட்டை. முட்டை சாப்பிட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த ஒருவர், இரண்டு கையாலும் அட்டைகளை அணைத்துக்கொண்டு நின்றார்.

"வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"நான் மட்டும்தான்."

"அப்ப எதுக்கு இத்தனை?"

"விலை ஏறுதுல்ல?"

"ஏறினா கம்மியாத்தானே வாங்கணும்?"

"நாளைக்கு வாங்க வேண்டியத இன்னிக்கே வாங்கினா லாபம். அடுத்த மாசம் வாங்க வேண்டியதையும் இன்னிக்கே வாங்கினா இன்னும் லாபம். உங்களுக்கு வியாபாரம் புரியல" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு அம்மாள் தன் பேத்தியின் வளையலைக் கொண்டுவந்து ஒவ்வொரு முட்டையையும் அதில் விட்டுப் பார்த்தார். நுழைந்தால் சின்னது, வேண்டாம். ஒருவர் ஒரே ஒரு முட்டை வாங்கி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் படுக்கவைத்து, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். எல்லார் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் அட்டைகள். அட்டைகள் ஏற ஏறக் கட்டிலும் ஏறியது. தையல்காரர் தம்பதி ஏணி வைத்துத்தான் படுக்கப் போனார்கள். ஒருநாள் அவர் மனைவி கட்டில் மேலிருந்து தண்ணீர் கேட்டபோது, வாளியில் கயிறு கட்டி மேலே அனுப்பியதாக அவரே சொன்னார்.

மறுநாள் காலை போனில் மொத்த வியாபாரி மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உங்க தெருவுல கீரிப்பிள்ளை ஏதாவது குடும்பத்தோட வந்துடுச்சா? இவ்வளவு முட்டை எங்கங்க போகுது? நீங்க கேக்குற வேகத்துக்கு நான் ஏத்தாம இருந்தா எனக்கே என்மேல மரியாதை போயிடும். ஏழு போட்டுக்குங்க."

இந்த ஆரவாரத்தில் ஒருத்தி மட்டும் ஓர் அட்டைகூடக் கூடுதலாக வாங்கவில்லை. தெருமுனைக் கேக் கடைக்காரி. முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், ஆனாலும் ஊருக்கே அவள் கேக்கம்மா. தனி ஆளாகக் கடை நடத்துகிறவள். முழங்கை வரை எப்போதும் மாவு பூசியிருக்கும். தவணையில் ஒரு புது ஓவன் எடுத்திருந்தாள். அந்தத் தைரியத்தில் ஒரு பெரிய வீட்டு விருந்துக்கு ஆளுயரக் கேக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டாள். முட்டை மலிவாக இருந்தபோது பேசின விலை. வாங்கிய முன்பணம் அப்படியே ஓவன் தவணைக்குப் போய்விட்டது. கேக் போய்ச் சேர்ந்தால் மிச்சப் பணம் வரும், ஓவன் அவளுடையதாகிவிடும். போகாவிட்டால் ஓவன்காரன் வண்டியோடு வந்து நிற்பான். இந்த விலையில் அந்தக் கேக்குக்கு முட்டை வாங்க அவளால் முடியாது.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு விரிசல் முட்டைக்காக வருவாள். பலகையைப் பார்ப்பாள். உதடு கொஞ்சம் அசையும், பிறகு சிரித்துவிடுவாள்.

"இன்னிக்கும் ஏத்தமா அண்ணே?"

"ஆமாம்மா."

"நல்லது. உசந்த பொருள் விக்கிற கடைக்கு வர்றேன்னு பெருமையா இருக்கு."

அவள் நிழல் வாசலில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் மச்சினன் விழித்துக்கொள்வான். வேறு எதற்கும் விழிக்காதவன். கூரையே இடிந்து விழுந்தாலும் புரண்டுதான் படுப்பான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு விரிசல் முட்டைகளை எடுத்துக் கொடுப்பான்.

ஒருநாள் அவள் இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். டிக்.

"இது நல்லாத்தானே இருக்கு?"

"விரிசல்தாங்க."

"சத்தம் மணி மாதிரி இருக்கே?"

"அது... உள்ளுக்குள்ள விரிசல்" என்றான். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

நான் பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது.

அதற்கு மறுநாள் மதியம் அவன் 'ஏழரை' என்றான். கூட்டத்தில் எல்லா முகமும் ஒன்றாகச் சுருங்கியது. "ஐயோ, போயும் போயும் இந்த எண்ணா? காசு கொடுத்து ஏழரைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா?" என்று ஒருவர் முணுமுணுத்தார். ஒருவர் பின் ஒருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டார்கள். மறுநாள் போனில் விலை ஏழிலேயே நின்றது. மச்சினன் சொல் முதல் தடவையாகப் பலிக்கவில்லை.

மற்றவர்களெல்லாம் எண்ணின் தோஷம் என்று விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரி விடவில்லை. சாயங்காலம் கேக்கம்மா போனதும் தம்பியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"டேய், அவ ஓவன் போகப்போறது உன் வாயாலதான்டா."

"நான் என்னக்கா பண்ணேன்?"

"நீ ஏழுன்ன. ஜனம் ஓடி வந்து வாங்கிச்சு. வாங்கினதப் பாத்து மொத்த வியாபாரி ஏத்தினான். நேத்து ஏழரைன்ன. யாரும் வாங்கல. அவனும் ஏத்தல. விலை தெரிஞ்சு நீ சொல்லலடா. நீ சொல்லித்தான் விலை ஏறுது."

மச்சினன் கையில் இருந்த இரண்டு முட்டைகளையும் பார்த்தான். யாரோ அவனுக்குத் தெரியாமல் கையில் வைத்துவிட்டுப் போனது மாதிரிப் பார்த்தான்.

"தூக்கத்துல என்ன சொல்றேன்னு எனக்கே தெரியாதேக்கா."

"அப்ப தெரிஞ்சே ஒண்ணு சொல்லு. நாளைக்குக் கண்ண மூடிக்கிட்டு மூணுன்னு சொல்லிடு. நாளைக்கு மூணுன்னா இன்னிக்கு எவனாவது ஏழு குடுத்து வாங்குவானா? தன்னால இறங்கும்."

"அது பொய்யில்லையாக்கா?"

"தூங்குற மாதிரி நடிக்கிறது எப்படிடா பொய்யாகும்? உங்க மாமா கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதத்தான் பண்றாரு. அவர யாராவது பொய்யர்னு சொல்லியிருக்காங்களா?"

நான் பல்பைத் தேடினேன். ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது.

மறுநாள் மதியம் மச்சினன் சாக்கில் உட்கார்ந்தான், கண்ணை மூடினான், தட்ட ஆரம்பித்தான். கூட்டம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. டிக். டிக்டிக். டிக்.

தையல்காரர் தலையைச் சாய்த்தார். வாழ்நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருந்த காது அது.

"தையல் கோணுதே" என்றார் மெதுவாக.

"மூணு" என்றான் மச்சினன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டான். சொன்ன வேகத்தில் கையில் இருந்த இரண்டு முட்டைகளும் உடைந்து, முழங்கை வழியாக மஞ்சள் கரு வழிந்தது. பயலுக்கு நடிக்கவும் தெரியவில்லை. வழிவதைப் பார்க்கக் கண்ணைத் திறந்துவிட்டான்.

கூட்டம் அவன் முழங்கையையே பார்த்தது. பிறகு தையல்காரர் சொன்னார்: "தூக்கத்துல இவர் கையில முட்டை உடைஞ்சதே கிடையாது. இது முழிச்சிருந்து சொன்ன விலை."

"எதுக்கு முழிச்சிருந்து சொல்லணும்?"

"மறைக்கிறாங்க."

"எத மறைக்கிறாங்க?"

"மூணுன்னு சொல்லி மறைக்கணும்னா, நிஜ விலை எங்க போய் நிக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க!"

யோசித்துப் பார்த்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அன்றைக்கு நடந்த தள்ளுமுள்ளில் கல்லாப்பெட்டி என்னோடு சேர்ந்து இரண்டடி பின்னால் போனது. அட்டைகளை அங்குமிங்கும் இழுத்ததில் பாதி முட்டைகள் விரிசல் விட்டன. மறுநாள் விலை ஒன்பது.

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. மச்சினனை விட்டுத் தூக்கம் போய்விட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்காருவான். கண் இரண்டும் அவித்த முட்டை மாதிரி அப்படியே விழித்திருக்கும். மக்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒருவர் இலவம்பஞ்சுத் தலையணை கொண்டுவந்தார். ஒருவர் சூடான பால். மாடியிலிருந்து பல் டாக்டர் ஊசியோடு இறங்கிவந்து, "ஈறு மட்டும்தான் மரத்துப்போகும், ஆனாலும் போட்டுப் பாக்கலாமா?" என்றார். தையல்காரர் தன் மெஷினையே தூக்கிவந்து பக்கத்தில் வைத்துத் தாலாட்டு மாதிரி ஓட்டினார். மச்சினன் எல்லாருக்கும் நன்றி சொன்னான். தூக்கம்தான் வரவில்லை.

"தூக்கமே வரலைன்னா, விலை எவ்வளவு பயங்கரமா இருக்கணும்!" என்று சொல்லி அதற்கும் ஆளுக்கு இரண்டு அட்டை வாங்கிப் போனார்கள். பலகையில் ஒன்பதும் தாண்டியது. விருந்து நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஓவன்காரன் ஒருதடவை வந்து, ஓவனைச் சுற்றி நடந்து, வாசல் அகலத்தை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த நாள், மதிய வேளையில், கூட்டம் நிற்கும்போதே கேக்கம்மா வந்தாள். இடுப்பில் ஒரு பெரிய பாத்திரம், கையில் கம்பி வைத்த முட்டை அடிப்பான். கூட்டம் வழிவிட்டது.

"அண்ணே, விரிசல் எவ்வளவு இருக்கு?"

"நல்லது எவ்வளவு இருக்குன்னு கேளும்மா, அது சுலபம். இன்னிக்குத் தள்ளுமுள்ளுலயும் பாதி போச்சு."

அட்டைகளைப் பார்த்தாள். "இது என் கடை வரைக்குமே தாங்காது. வழியிலேயே ஒழுகிடும். இங்கேயே உடைச்சு அடிச்சு எடுத்துட்டுப் போறேன். அடித்தட்டுக்காவது ஆகும். மேல்தட்டு வர்ற வரைக்கும் ஓவன் என்கிட்ட இருந்தா பாத்துக்கலாம்."

கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல், மஞ்சள் பல்புக்குக் கீழே, மச்சினனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விரிசல் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் பாத்திர விளிம்பில் தட்டி உடைத்தாள். பிறகு பாத்திரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் சளக், சளக் என்று குட்டையில் யாரோ நடக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அது சப், சப் என்று கனத்தது. பிறகு நுரை எழும்ப எழும்ப, சத்தம் மெல்லியதாகி, மெல்லியதாகி, எங்கோ தூரத்தில் மழை வருகிற மாதிரி ஆகிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. மஞ்சளாக இருந்தது வெளுத்தது. பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது. விளிம்பைத் தாண்டியும் வழியாமல் மேகம் மாதிரி நின்றது.

மச்சினனின் இமை ஒருமுறை இறங்கி ஏறியது. மறுபடி இறங்கியது. ஏறவில்லை. கை தானாக இரண்டு முட்டைகளை எடுத்தது. டிக். டிக். ஒரே சீராக.

"வந்துடுச்சு" என்று தையல்காரர் கிசுகிசுத்தார். சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். சுவரோடு வழுக்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்து, தூங்கிவிட்டார். பக்கத்தில் நின்றவர் அவர் தோளில். அவர் மேல் வளையல் அம்மாள். அப்படியே வரிசையாகச் சரிந்தார்கள், செருப்பைக் கையில் பிடித்தபடியே. தூக்கம் படியேறி மாடிக்குப் போனது. பல் டாக்டரும் தூங்கினார், நாற்காலியில் வாயைத் திறந்திருந்தவரும் திறந்தபடி தூங்கினார். தெருவில் நடந்துபோன காக்கை ஒன்று நடையை நிறுத்திவிட்டு நின்றபடி கண்ணை மூடியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்தேன். மொத்த வியாபாரி "விலை..." என்று ஆரம்பித்தார். இந்தப் பக்கத்துச் சத்தம் அவர் காதுக்குள் போயிருக்கவேண்டும். மெல்லுவது நின்று, குறட்டை வந்தது. மெதுவாக வைத்துவிட்டேன்.

நான் தூங்கவில்லை. ஆட்கள் உள்ளே இருக்கும்போது கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் வராது.

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். எல்லாரும், தூக்கத்தில். ஒருவர் "நாலேகால்" என்றார். ஒருவர் "பன்னிரண்டு." தையல்காரர் "மார்பு நாப்பது, இடுப்பு நாப்பத்தெட்டு" என்றார். எண்கள் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நுரைக் குமிழி மாதிரி எழும்பி, அட்டைகளுக்கு நடுவே மிதந்து, கூரையைத் தொட்டு, ஒன்றுமில்லாமல் போயின. கேட்க யாரும் இல்லை.

டிக் சத்தம் நின்றது. கேக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். கை மட்டும் அடிப்பதை விடவில்லை.

"ஓவன் கதவத் தொறக்காதீங்க" என்றான் மச்சினன், கண்ணை மூடியபடி, ரொம்பக் கவலையோடு. "வெந்துக்கிட்டிருக்கு. காத்து பட்டா கேக்கு அமுங்கிடும்."

பிறகு டிக், டிக்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இவர் கனவுல என் ஓவன் எதுக்கு வருது?"

"எனக்குக் கல்லாதாம்மா தெரியும். ஓவன் விஷயத்த அவன்கிட்டத்தான் கேக்கணும்."

குனிந்து அடித்துக்கொண்டிருந்தாள். மாவு பூசின கன்னம் சிவந்தால் வெளியே தெரியாது என்று நினைத்திருப்பாள். பல்பை நான் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன், எல்லாம் தெரிந்தது.

வெயில் சாய்ந்த பிறகு அவள் அடிப்பதை நிறுத்தினாள். நிறுத்தியதும் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

"என்ன சொன்னாரு? என்ன சொன்னாரு?" என்று தையல்காரர் எழுந்திருப்பதற்கு முன்பே கேட்டார்.

நான் பல்பைத் துடைக்க எழுந்தேன். கேக்கம்மா பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கதவத் தொறக்க வேணாம்னு சொன்னாரு" என்றாள். போய்விட்டாள்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"எந்தக் கதவு?"

"எந்தக் கதவுன்னா? அவங்கவங்க வீட்டுக் கதவுதான்."

"தொறந்தா என்ன ஆகும்?"

"அதத் தெரிஞ்சுக்கறதுக்காகத் தொறந்து பாக்கணுங்கிறீங்களா?"

அதற்குமேல் அங்கே யாரும் நிற்கவில்லை. தெரு முழுக்கத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குப் பசித்தது. வெளியே போக முடியாது. கட்டிலுக்கு அடியில் இருந்ததை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். காலையில் அவித்த முட்டை, மதியம் ஆம்லெட், இரவு இரண்டையும் கலந்து ஏதோ ஒன்று. தெருவில் நடந்தால் ஒவ்வொரு சாவித் துவாரத்திலிருந்தும் ஆம்லெட் வாசனை நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. கட்டில்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின.

மொத்த வியாபாரி போன் செய்தார். "யாரும் கேக்கலையே? எட்டு." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "ஹலோ, அங்க ஊரு இருக்கா? ஆறரை." மறுபடியும். "கீரிப்பிள்ளை செத்துப்போச்சா? அஞ்சு." அழித்து அழித்து எழுதியதில் பலகை முழுக்க வெள்ளையாகிவிட்டது, கடைசியில் அதன்மேல் கரியால் எழுதவேண்டியதாயிற்று. மூன்று. மச்சினன் விழித்திருந்து சொன்ன அதே விலை.

அன்று சாயங்காலமே கேக்கம்மா வந்து மேல்தட்டுக்கு வேண்டியதை வாங்கினாள். விரிசல் இல்லாதது, நல்லது, காசு கொடுத்து. மச்சினன் தூக்கிக்கொண்டு கூடவே போனான். எப்போது திரும்புவான் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி கேட்கவிடவில்லை.

ஒரு மதியம் முழுக்க அடித்த நுரையல்லவா, கேக் எழும்பியது. ஓவனை விட்டு வெளியே எடுத்ததும் தரையில் நிற்க மறுத்தது. விருந்து வீட்டுக்கு அதைக் கொண்டுபோக நாலு பேர் போனோம். தூக்குவதற்கு இல்லை, பிடித்துக்கொள்வதற்கு. தெருமுனையில் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தபோது, கையிருப்பு முட்டை முதலில் தீர்ந்து வெளியே வந்திருந்த பல் டாக்டரின் கால் தரையில் இல்லை. விருந்து வீட்டுக்காரர் கேக்கைப் பார்த்தார், ஒரு துண்டு சாப்பிட்டார், மிச்சப் பணத்தைக் கேக்கம்மா கையில் வைத்தார், அப்படியே நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டார். வந்த விருந்தாளிகளும் அப்படித்தான். விடியும் வரை அந்த வீட்டில் ஒரு சண்டை இல்லை, ஒரு புறம்பேச்சு இல்லை. அப்படி ஒரு விருந்தை அந்தக் குடும்பம் அதுவரை கண்டதில்லையாம். ஓவன்காரன் வண்டியோடு வந்தான்; பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு துண்டு கேக்கும் தின்றுவிட்டு, வண்டியிலேயே தூங்கினான்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது தீர்ந்ததும் கதவுகள் திறந்தன. பலகையில் மூன்று என்று பார்த்துவிட்டுத் தையல்காரர் முட்டையை எடுத்து மோந்து பார்த்தார்.

"ஏன் இவ்வளவு மலிவு? கூமுட்டையா?"

"அதே முட்டைதாங்க. ஒன்பதுக்கு அடிச்சுக்கிட்டு வாங்கினீங்களே."

"அது நல்ல முட்டை. விலையிலேயே தெரிஞ்சுதே!" என்று சொல்லி, ஒன்றே ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மச்சினன் இப்போது கேக் கடையில்தான் இருக்கிறான். அவனும் அவளும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஓவன் பக்கத்தில் இரண்டு முட்டைகளோடு தூங்குவான். அவள் ஒரு திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள். தெருவில் போகிறவர்களுக்கு டிக், டிக் என்பதும் நுரை அடிக்கிற சத்தமும் மட்டும் கேட்கும். தூக்கத்தில் என்ன சொல்கிறான் என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். "என்கிட்டத்தானே சொல்றாரு" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. விலை அதுபாட்டுக்கு ஏறுகிறது, அதுபாட்டுக்கு இறங்குகிறது.

முட்டை தட்டுகிற வேலை இப்போது என்னுடையது. நேற்று மதியம் பல்புக்குக் கீழே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். கடையில் ஒருவரும் இல்லை. லேசாகக் கண் அசந்துவிட்டது போலிருக்கிறது. விழித்தபோது எதிரே தையல்காரர் நிற்கிறார். குண்டூசிகள் ஒவ்வொன்றாகச் சட்டைக் காலருக்குப் போய்க்கொண்டிருந்தன. காலடியில் ஆறு அட்டை முட்டை.

"நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டேன்.

காசைக் கல்லாவில் வைத்தார். அட்டைகளைத் தூக்கிக்கொண்டார். எவ்வளவு கேட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.